பல் அலமாரியின் கணக்கு

பல்செட் கட்டுவதற்கான பற்களை யாரும் டப்பாவில் கொட்டி வைத்து விற்பதில்லை. சின்னதாக ஒரு பிளாஸ்டிக் அட்டை, அதன் நீளத்துக்கு ஒரு மெழுகுப் பட்டை. ஈறுப் பக்கம் மெழுகில் புதைந்திருக்க, வெளிப்பக்கம் நம்மைப் பார்த்தபடி 6 பற்கள் வரிசையாக நிற்கும்: நடுவில் அகலமான வெட்டுப்பற்கள் இரண்டு, அவற்றை ஒட்டி ஒடுக்கமானவை இரண்டு, இரு ஓரங்களிலும் கோரைப்பற்கள். இது மேல்தாடையின் முன்வரிசை. கீழ்தாடைக்கும் இப்படி 6 உண்டு. கடைவாய்ப் பக்கம் இடப்புறம் நான்கு, வலப்புறம் நான்கு என்று ஒரு தாடைக்கு 8. நான்கு வரிசையும் சேர்ந்தால் 28 பற்கள், ஒரு முழு வாய். ஞானப்பல் கிடையாது. அதற்கு இடமும் இல்லை, கேட்பாரும் இல்லை.

மெழுகில் ஏன் நட்டு வைக்கிறார்கள்? பீங்கான் பற்கள் ஒன்றோடொன்று உரசினால் விளிம்பு சில்லு சில்லாக உதிரும் என்பது ஒரு காரணம். இன்னொன்று வரிசை. அட்டை கீழே விழுந்து பற்கள் உதிர்ந்துவிட்டால், வலப்பக்கத்துச் சின்ன வெட்டுப்பல் எது, இடப்பக்கத்தது எது என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் திணறிப்போவார். பல்செட் செய்து கை பழகிய டெக்னீஷியன் பல்லின் கடிக்கும் விளிம்பைப் பார்ப்பார். முகத்தின் நடுக்கோட்டை ஒட்டிய மூலை கூர்மையாக இருக்கும். கன்னத்தை நோக்கிய மூலை வளைந்து உருண்டிருக்கும். அதை வைத்தே இடம் வலம் பிரித்துவிடுவார். மெழுகில் வரிசையாக இருந்தால் இந்த வேலையே இல்லை.

அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் இரண்டு குறியீடுகள் இருக்கும். ஒன்று வடிவத்தையும் அளவையும் சொல்லும் மோல்டு எண். இன்னொன்று நிறத்தைச் சொல்லும் ஷேடு எண். பல் மருத்துவர்களுக்குப் பொருள் விற்கும் டென்டல் டிப்போக்காரரின் தலைவலி இந்த இரண்டும் சேரும் இடத்தில்தான் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவனம் மேல் முன்பற்களில் 20 வடிவம், கீழ் முன்பற்களில் 10, கடைவாய்ப் பற்களில் மேலே 8, கீழே 8 தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 46 வடிவம். ஒவ்வொன்றும் 16 நிறத்தில் வரும். 46ஐ 16ஆல் பெருக்கினால் 736 வகை அட்டை. ஒவ்வொன்றிலும் இரண்டே இரண்டு கையிருப்பு வைத்தாலும் 1,472 அட்டைகள். இது ஒரே ஒரு கம்பெனியின் சரக்கு.

இவ்வளவையும் மருத்துவர் முன் பரப்பி வைத்து 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல முடியாது. அதனால் வடிவத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். 46 வடிவத்துக்கும் ஒவ்வொரு மாதிரி, எல்லாம் ஒரே நிறத்தில்: இது மோல்டு கைடு. 16 நிறத்துக்கும் ஒவ்வொரு மாதிரி, எல்லாம் ஒரே வடிவத்தில்: இது ஷேடு கைடு. 46ம் 16ம் கூட்டினால் 62 மாதிரிதான். மருத்துவர் இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுத்து எண்களை எழுதி அனுப்புவார். டிப்போவில் ஒருவர் அலமாரியின் அந்த இழுப்பறையைத் திறந்து அந்த அட்டையை எடுப்பார். பெருக்கல் அலமாரிக்குள் ஒளிந்திருக்கிறது. கிளினிக் மேசையில் கூட்டல் மட்டும். பல் வியாபாரத்தில் நடந்த மிகப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான் என்று நான் சொல்வேன், பீங்கானும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கும் கோபித்துக்கொண்டாலும் சரி.

பழைய காலத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. ஐரோப்பாவில் யானைத் தந்தத்திலும் நீர்யானைப் பல்லிலும் ஆளுக்கு ஏற்றபடி செதுக்கினார்கள். இல்லையென்றால் மனிதப் பற்களையே பதித்தார்கள். 1815இல் வாட்டர்லூ போர்க்களத்தில் இறந்துகிடந்த வீரர்களின் வாயிலிருந்து பிடுங்கிய பற்கள்கூட விற்பனைக்கு வந்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் துபுவா து ஷெமான் பீங்கானில் பல்செட் செய்து காட்டினார். ஆனால் முழு வரிசையும் ஒரே கட்டியாகச் சூளைக்குப் போகும்; சுடும்போது பீங்கான் சுருங்கும்; வெளியே வந்தால் வாயில் சரியாக உட்காராது. 1808இல் பாரிஸில் ஃபோன்சி என்ற இத்தாலியர், பின்புறம் உலோகக் கொக்கி வைத்த தனித்தனிப் பீங்கான் பற்களைக் கொண்டுவந்தார். ஒரு பல் சுருங்கினால் அந்தப் பல்லோடு போயிற்று. பல்லை எங்கோ ஒரு தொழிற்சாலையில் சுட்டு, வேறெங்கோ ஒருவர் வாய்க்குப் பொருத்தலாம் என்ற நிலை இதற்குப் பிறகுதான் வந்தது.

1844இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எஸ்.எஸ். ஒயிட் பீங்கான் பற்கள் செய்யத் தொடங்கினார். 1850களில் கடினமாக்கிய ரப்பரில் பல்செட்டின் அடித்தட்டைச் செய்யும் முறை பரவியது. தங்கத் தகட்டோடு ஒப்பிட்டால் அது மிக மலிவு. பல்செட் நடுத்தர வர்க்கத்துக்கும் எட்டியது, பற்களுக்கான கேட்பு கூடியது, அச்சுகளின் எண்ணிக்கையும் கூடியது. ஒயிட்டின் நிறுவனம் பெரிய நகரங்களில் டிப்போக்கள் திறந்து, ஆழமில்லாத இழுப்பறைகள் அடுக்கிய மர அலமாரிகளில் இந்தப் பற்களை வைத்தது.

சரி, யாருக்கு எந்த வடிவம் என்று எப்படி முடிவு செய்வது? 1914இல் ஜே. லியோன் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் ஒரு கருத்தைச் சொன்னார். மனித முகங்கள் அடிப்படையில் மூன்று வகை: சதுரம், கீழ்நோக்கிக் குறுகுவது, முட்டை வடிவம். முகத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தால் வரும் வடிவம்தான் அந்த முகத்துக்காரரின் நடு வெட்டுப்பல்லின் வடிவம். இந்த அடிப்படையில் ட்ரூபைட் என்ற பெயரில் பற்கள் விற்பனைக்கு வந்தன. பின்னாளில் ஆராய்ந்தவர்கள் முகத்துக்கும் பல்லுக்கும் அப்படி நம்பகமான ஒற்றுமை எதையும் காணவில்லை. ஆனாலும் மோல்டு கைடுகள் இன்றும் பெரும்பாலும் இந்த மூன்று குடும்பமாகத்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. உயிரியலாக அது தோற்றுப்போனாலும், சரக்கை அடுக்கும் முறையாக ஜெயித்துவிட்டது. 46 வடிவத்தையும் மூன்று கூடையில் போட்டுவிட்டால் தேடுவது சுலபம், அவ்வளவுதான்.

அகலத்துக்கும் ஒரு கைக்கணக்கு உண்டு. இரு கன்ன எலும்புகளுக்கு இடையே முகத்தின் அகலத்தை அளந்து 16ஆல் வகுத்தால் நடு வெட்டுப்பல்லின் அகலம். 136 மி.மீ. முகத்துக்கு 8.5 மி.மீ. அதே அளவை 3.3ஆல் வகுத்தால் மேல் முன்பற்கள் ஆறின் மொத்த அகலம், ஏறத்தாழ 41 மி.மீ. இது சட்டமல்ல, தேடலைத் தொடங்குவதற்கு ஒரு இடம். கடைவாய்ப் பற்களில் அழகைவிட மெல்லும் பரப்பு முக்கியம். அவற்றின் மேல்முனைகள் எவ்வளவு சரிவு என்பதை டிகிரியில் குறிப்பார்கள்: 33 டிகிரி என்றால் இயற்கைப் பல்லைப் போன்ற மேடு பள்ளம், 20 என்றால் மழுங்கியது, 0 என்றால் தட்டை. ஈறு எலும்பு கரைந்து தேய்ந்துபோனவருக்குத் தட்டையானது பொருந்தலாம். மெல்லும்போது பல்செட்டைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதில் குறைவு.

வடிவத்தைக்கூட அளந்து விடலாம். நிறம்தான் படுத்தும்.

உலகம் முழுக்கப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஷேடு கைடு ஜெர்மனியின் வீட்டா நிறுவனத்துடையது, 1956இல் வந்தது. நகத்தின் அளவில் 16 பீங்கான் மாதிரிகள், ஒவ்வொன்றும் ஒரு சிறு கம்பியின் நுனியில், எல்லாம் ஒரு சட்டத்தில் செருகியிருக்கும். ஏ என்ற எழுத்து செம்பழுப்புச் சாயல், பி செம்மஞ்சள், சி சாம்பல், டி செஞ்சாம்பல். எழுத்துக்குப் பின்னால் எண் கூடக் கூட நிறம் அடர்த்தியாகும். ஆனால் இது ஒரே எழுத்துக்குள் மட்டும்தான். எண்ணைப் பார்த்து ஏ3ஐவிட டி4 இருண்டது என்று நினைத்தால் தப்பு, டி4 அதைவிட வெளிர். நம் கண் சாயலைவிட வெளுப்பு வேறுபாட்டை எளிதில் பிடிக்கும் என்பதால், பலர் எழுத்து வரிசையைக் கலைத்துவிட்டு மாதிரிகளை வெளுப்பு வரிசையில் அடுக்கிக்கொள்வார்கள்: பி1 முதலில், அடுத்து ஏ1, பி2, டி2 என்று போய் சி4இல் முடியும். 1998இல் அதே நிறுவனம் கொண்டுவந்த புதிய கைடு வெளுப்பை முதல் படியாக வைத்தே அமைக்கப்பட்டது.

மாதிரியை வாயருகே பிடித்துப் பார்க்கும் வேலை சில நொடிதான். அந்தச் சில நொடிக்கு முன்னால் செய்யவேண்டியவை நிறைய. நோயாளிக்கு மற்ற பற்கள் இருந்து, ஒன்றிரண்டுக்குத்தான் பொருத்தம் பார்க்கிறோம் என்றால், வந்து உட்கார்ந்ததும் முதலில் நிறத்தைப் பார்த்துவிட வேண்டும். வாயைத் திறந்தபடி அரை மணி நேரம் இருந்தால் எனாமல் உலர்ந்து பல் வெளுத்துத் தெரியும். அதற்குப் பொருத்தினால் மறுநாள் செயற்கைப் பல் மட்டும் துருத்திக்கொண்டு வெள்ளையாக நிற்கும். லிப்ஸ்டிக் இருந்தால் துடைக்கவேண்டும். மாதிரியை ஈரமாக்கவேண்டும். ஐந்தாறு நொடிக்கு மேல் உற்றுப் பார்க்கக்கூடாது, கண் சோர்ந்து வேறுபாடு மங்கிவிடும். நடுநடுவே சாம்பல் நிற அட்டையைப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொள்ளலாம். வெளுப்பை மட்டும் ஒப்பிட வேண்டுமானால் கண்ணைச் சற்று இடுக்கிப் பார்க்கச் சொல்வார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வெளிச்சம். புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் எடுப்பவர்கள் துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்பார்களே, அதே காரணம்தான். பல்லின் மேல் அடுக்கான எனாமலும் அதற்குள்ளே இருக்கும் டென்டினும் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதம் ஒன்று, பீங்கானோ அக்ரிலிக்கோ அனுப்பும் விதம் வேறு. ஒரு விளக்கின் கீழ் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியலாம். விளக்கை மாற்றினால் பிரிந்துவிடும். அதனால்தான் பகல் வெளிச்சத்தில், அல்லது அதைப் போன்ற விளக்கில் பார்த்து, இன்னொரு வெளிச்சத்திலும் சரிபார்க்கச் சொல்கிறார்கள்.

இதில் ஒரு விசித்திரமான கிளைக்கதை உண்டு. இயற்கைப் பல் புற ஊதாக் கதிர் பட்டால் நீலங்கலந்த வெள்ளையாக ஒளிரும். சாதாரணப் பீங்கான் ஒளிராது. ஊதா விளக்கு எரியும் நடன அரங்கில் அந்தப் பல் இருக்கவேண்டிய இடம் கறுப்பாக, ஓட்டை விழுந்ததுபோலத் தெரியும். இதைச் சரிசெய்ய 20ஆம் நூற்றாண்டின் நடுவில் தயாரிப்பாளர்கள் பீங்கானில் மிகச் சிறிய அளவில் யுரேனியம் சேர்த்தார்கள். ஆமாம், அதே யுரேனியம்தான். பின்னர் அதைக் கைவிட்டு, அரிய மண் தனிமங்களுக்கு மாறினார்கள்.

பல்லே இல்லாதவருக்கு நிறத்தை எதனோடு ஒப்பிடுவது? வயது, தோல் நிறம், கையில் இருந்தால் பழைய புகைப்படம். 70 வயதுக்காரர் 'நல்லா வெள்ளையா போடுங்க டாக்டர்' என்பார்; மருத்துவர் மெதுவாக ஏ3 பக்கம் இழுப்பார். வயதோடு பல் மஞ்சளாவது இயல்பு, அளவுக்கு மீறிய வெள்ளை போலியாகத் தெரியும் என்பது மருத்துவர் பக்கத்து நியாயம். என் ஓட்டு 70 வயதுக்காரருக்கு. தினமும் கண்ணாடியில் பார்க்கப்போவது அவர்தானே.

அட்டைக்குத் திரும்புவோம். இன்று பெரும்பாலான பற்கள் அக்ரிலிக். உடைத்துப் பார்த்தால் அடுக்கு தெரியும்: வெளியே ஒளி ஊடுருவும் எனாமல் நிற அடுக்கு, உள்ளே அடர்ந்த டென்டின் நிறம். வெளி அடுக்கின் மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்கும் அதிகமாகப் பிணைக்கப்பட்டிருக்கும், தேயாமல் இருக்க. ஈறுப் பக்கம் அந்தப் பிணைப்பு குறைவு, பல்செட்டின் ரோஸ் நிற அடித்தட்டோடு வேதியியல் ரீதியாக ஒட்ட. பீங்கான் அப்படி ஒட்டாது. அதற்கு ஊசியோ குழியோ வேண்டும். ஆனால் அக்ரிலிக்குக்கும் ஒரு பலவீனம்: பல்செட் செய்யும் லேபில் அக்ரிலிக் கலக்கப் புழங்கும் மோனோமர் திரவமோ அசிட்டோனோ பட்டால் மேற்பரப்பில் மயிரிழை விரிசல் விழும். அட்டையை அந்தப் பாட்டில்களிடமிருந்து தள்ளி வைப்பது நல்லது. நம் ஊர் மே மாத வெயிலுக்கு நேரே வைத்தால் மெழுகு இளகிப் பற்கள் சாய்ந்துகொள்ளும். பல்லுக்கு ஒன்றும் ஆகாது, வரிசைதான் போய்விடும்.

டிப்போவின் அலமாரி சுத்தமாக இருக்கலாம். லேபின் அலமாரி அப்படி இருக்காது. ஒரே ஒரு பல் போனவருக்கு 6 பல் அட்டையிலிருந்து ஒன்றை உருவினால் மீதி 5. அதை எறியவும் மனம் வராது, முழு செட்டுக்கும் ஆகாது. இப்படி மிஞ்சியவை ஷேடு வாரியாகச் சின்னச் சின்ன டப்பாக்களில் சேரும். வேறொருவரின் உடைந்த பல்செட்டைப் பழுதுபார்க்கும்போது அந்த டப்பாவுக்குள்தான் முதலில் கையை விட்டுத் தேடுவார்கள்.

இப்போது கணினியில் வடிவமைத்துக் கடைந்தெடுக்கும் பல்செட்டும், அச்சிடும் பல்செட்டும் வந்துவிட்டன. அங்கே வடிவங்கள் எல்லாம் மென்பொருளின் நூலகத்தில் கோப்புகளாக இருக்கின்றன. நிறம் ரெசின் பாட்டிலிலோ, கடைவதற்கான வட்டிலோ இருக்கிறது. 46 கோப்பும் 16 வட்டும் இருந்தால் 736 வகையும் வேண்டும்போது பிறக்கும், இழுப்பறை தேவையில்லை. மோல்டு கைடும் ஷேடு கைடும் கண்ணுக்குக் காட்டிய கூட்டல், முதல்முறையாகச் சரக்கறையிலும் உண்மையாகிவிட்டது. நிறத்தை அளக்கும் கருவிகளும் வந்திருக்கின்றன. பல்லில் வைத்து அழுத்தினால் அதுவே ஏ2 என்றோ பி3 என்றோ சொல்லும். சொல்வது இன்னும் அந்த 1956ஆம் ஆண்டு எண்களில்தான்.

வீட்டில் யாருக்காவது பல்செட் கட்டினால், எந்தக் கம்பெனி, என்ன மோல்டு, என்ன ஷேடு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலியான அட்டையைக் கொடுத்தாலும் போதும். நான்கு வருடம் கழித்துக் கை தவறி வாஷ்பேசினில் விழுந்து ஒரு முன்பல் தெறித்தால், பழுதுபார்ப்பவருக்கு அந்த இரண்டு எண்கள் இருந்தால் அதே பல்லை வரவழைக்கலாம். இல்லாவிட்டால் மிச்சப் பல் டப்பாவைக் கொட்டிக் கிளறி, ஏறக்குறைய அதைப் போன்ற ஒன்றைத் தேடவேண்டியதுதான்.