திறந்த உலக விளையாட்டுகள் நம் தேர்வுகளை எப்படி நினைவில் வைக்கின்றன?

காட்பாடியில் ஒரே விடுதியில் தங்கிப் படிக்கும் இரண்டு மாணவர்கள் ஒரே கணினி விளையாட்டை ஒரு பருவம் முழுவதும் ஆடிவிட்டுப் பேச உட்கார்ந்தால், இருவரும் வெவ்வேறு கதைகளைச் சொல்வார்கள். ஒருவர் உள்நாட்டுப் போரில் பேரரசின் படையில் சேர்ந்து நகரங்களைக் கைப்பற்றியிருப்பார். மற்றவர் போரின் பக்கமே தலைவைக்காமல், மலைச்சரிவுகளில் மூலிகை பறித்து, மருந்து காய்ச்சி விற்று, அந்தப் பணத்தில் ஒரு வீடு வாங்கிக் குடியேறியிருப்பார். பெதஸ்தா நிறுவனம் 2011 நவம்பர் 11 அன்று வெளியிட்ட ஸ்கைரிம் என்ற விளையாட்டில் இது அன்றாடம் நடப்பது. ஆடுபவர் விரும்பிய திசையில் போய் விரும்பியதைச் செய்யவிடும் இவ்வகையைத்தான் திறந்த உலக விளையாட்டு என்கிறார்கள். முன்கூட்டியே எழுதி முடிக்கப்பட்ட ஒரு மென்பொருள், ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கதையை எப்படித் தருகிறது? எண்ணற்ற கதைக் கிளைகளை எழுதி வைத்திருப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கிளைகள் மிகக் குறைவு. சில எண்களையும் குறிகளையும் விளையாட்டு நினைவில் வைத்துக்கொண்டு, தக்க நேரத்தில் அவற்றைத் திருப்பிப் பார்க்கிறது. தேர்வு என்று நாம் உணர்வதில் பெரும்பகுதி அந்தக் கணக்கேட்டிலிருந்துதான் பிறக்கிறது.

முதலில் இந்த உலகம் எவ்வளவு பெரிது என்பதைப் பார்க்க வேண்டும். ஸ்கைரிமின் நிலப்பரப்பு சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கட்டத்தின் பக்கம் விளையாட்டின் அளவில் 4096 அலகு, நம் அளவில் ஏறத்தாழ 58.5 மீட்டர். ஆடுபவர் நிற்கும் கட்டத்தை நடுவில் வைத்து, 5க்கு 5 என்ற கணக்கில் 25 கட்டங்கள் மட்டுமே இயல்பான அமைப்பில் முழுமையாக நினைவகத்தில் ஏற்றப்படுகின்றன. அதாவது பக்கத்துக்கு 292 மீட்டர் கொண்ட ஒரு சதுரம். வேலூர்க் கோட்டையின் பரப்பு 133 ஏக்கர். அந்தக் கோட்டையை இதே முறையில் ஒரு விளையாட்டுக்குள் கட்டினால், ஒரு நேரத்தில் அதில் ஆறில் ஒரு பங்குதான் உயிரோடு இருக்கும். ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசலில் நிற்பவருக்குக் கோயிலும் அதைச் சுற்றியுள்ள மனிதர்களும் முழு விவரத்தோடு இயங்குவார்கள். நகருக்குக் கிழக்கே தெரியும் மலைக்கோட்டைகள் விவரம் குறைக்கப்பட்ட வெறும் வடிவங்களாகவே நிற்கும்.

அந்தச் சதுரத்துக்கு வெளியே இருக்கும் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்ற கேள்வி எழுவது இயல்பு. அவர்கள் நடப்பதும் உண்பதும் அசைவாக வரையப்படுவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் அட்டவணை உண்டு: காலை 8 மணிக்குக் கடை, மாலை விடுதி, இரவு படுக்கை. ஆடுபவர் அந்த ஊருக்குத் திரும்பும்போது, அப்போதைய விளையாட்டு நேரத்தைப் பார்த்து, அட்டவணைப்படி அவர் இருக்க வேண்டிய இடத்தில் அவரைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறது மென்பொருள். இங்கே நேரமும் நம் நேரமன்று. இயல்பான அமைப்பில் நம்முடைய ஒரு மணி அங்கே 20 மணி, ஆகவே ஒரு முழு நாள் 72 நிமிடத்தில் கழிந்துவிடும்.

இனி ஒரு சிறிய தேர்வை நெருங்கிப் பார்ப்போம். ஒரு கடைக்குள் நுழைகிறோம். மேசைமேல் ஒரு ரொட்டி இருக்கிறது. அந்த ரொட்டியின் தரவில் அது யாருடையது என்ற ஒரு குறி இருக்கிறது. நாம் அதை எடுத்தவுடன் விளையாட்டு கேட்கும் முதல் கேள்வி, யாராவது பார்த்தார்களா என்பதுதான். கடைக்காரரின் கண்ணிலிருந்து நம் உடலை நோக்கி ஒரு நேர்கோடு இழுக்கப்படுகிறது. இடையில் சுவரோ தூணோ இருந்தால் பார்வை மறைந்துவிட்டது என்று பொருள். வெளிச்சம், நாம் எழுப்பும் ஓசை, குனிந்து நடக்கிறோமா என்பவையும் கணக்கில் சேரும். பார்த்துவிட்டார் என்றால், அந்த நிலப்பகுதியில் நம் பெயரில் ஒரு குற்றத்தொகை ஏறும். ஸ்கைரிமில் 9 நிலப்பகுதிகள் உண்டு. ஒன்றில் திருடனாக இருப்பவர் அடுத்ததில் மதிப்புக்குரியவராக நடமாடலாம், ஏனென்றால் கணக்கு தனித்தனி. யாரும் பார்க்காவிட்டாலும் திருட்டுப் பொருள் என்ற குறி பொருளோடு ஒட்டிக்கொண்டே வரும். சாதாரண வணிகர் அதை வாங்க மாட்டார்.

இந்த எளிய விதிகளிலிருந்து யாரும் திட்டமிடாத ஒன்று முளைத்தது. சத்துவாச்சாரியில் ஒரு பள்ளி மாணவன் தன் அக்காவிடம் வியப்போடு சொன்னதைக் கேட்டிருக்கிறேன்: “அக்கா, கடைக்காரர் தலையில வாளியைக் கவுத்துட்டேன். இப்ப எதை எடுத்தாலும் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறார்!” உலகெங்கும் ஆடுபவர்கள் கண்டுபிடித்த உத்தி இது. வாளி ஒரு திடப்பொருள். அதைத் தூக்கி ஒருவர் தலையில் கவிழ்க்க முடியும். கவிழ்த்ததும் கண்ணிலிருந்து இழுக்கப்படும் கோடு வாளியில் முட்டி நின்றுவிடுகிறது. கடைக்காரர் எதையும் பார்க்கவில்லை என்று மென்பொருள் முடிவு செய்கிறது. தலையில் வாளி கவிழ்ந்தால் ஒரு மனிதர் என்ன செய்வார் என்ற விதியை யாரும் எழுதவில்லை, ஆகவே அவர் சும்மா நிற்கிறார். இதைப் பிழை என்று ஒதுக்குவோர் உண்டு. என் பார்வையில் திறந்த உலக விளையாட்டின் உயிர்நிலையே இதுதான்: இரண்டு விதிகள் தாமாகச் சந்தித்துக்கொண்டு, படைத்தவர் நினைத்திராத ஒரு வழியை ஆடுபவருக்குத் திறந்துவிட்டன.

பெரிய தேர்வுகள் இயங்கும் முறை வேறு. ஒவ்வொரு பணிக்கும் நிலை எண்கள் உண்டு. 10 என்றால் பணியை ஏற்றாயிற்று, 20 என்றால் ஆளைச் சந்தித்தாயிற்று என்பது போல. உரையாடலில் ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த எண் மாறுகிறது. அதைச் சார்ந்து வேறு மாந்தர்களின் பேச்சும், சில பொருள்களின் இருப்பும் மாறுகின்றன. ஸ்கைரிமின் உள்நாட்டுப் போரில் வைட்ரன் என்ற நகரைப் பேரரசு தக்கவைத்தால் பால்குரூஃப் என்பவரே ஆட்சியில் தொடர்வார். கிளர்ச்சிப்படை கைப்பற்றினால் விக்னார் என்ற முதியவர் அந்த நாற்காலியில் அமர்வார். ஆட்சி மாற்றத்தோடு வரும் பொருள்களும் காவலர்களும் பெரும்பாலும் முன்பே அந்தந்த இடத்தில் வைக்கப்பட்டு மறைக்கப்பட்டிருப்பார்கள். போர் முடிந்ததும் ஒரு தொகுதியை மறைத்து மற்றொன்றை வெளிப்படுத்தும் ஒரு கட்டளை ஓடுகிறது. நகரின் தெருக்களும் கோட்டையும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

ஏன் இத்தனைச் சிக்கனம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்றே போதும். இரண்டு வழி கொண்ட தேர்வுகள் 10 வந்தால் கதைக்கு 1,024 வடிவங்கள் தேவை. 20 வந்தால் 10,48,576. ஒவ்வொன்றுக்கும் தனி உரையாடல் எழுதி, நடிகர்களைக் கொண்டு பேச வைத்துப் பதிவு செய்ய எந்த நிறுவனத்தாலும் முடியாது. ஆகவே கிளை பிரிந்த கதையைச் சிறிது தொலைவு ஓடவிட்டு மீண்டும் ஒரே இடத்தில் சேர்த்துவிடுகிறார்கள். வட ஆர்க்காட்டு ஊர்களில் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று. படுகளத்தில் துரியோதனன் விழுந்தே ஆக வேண்டும். அதுவரை விடிய விடிய நடக்கும் ஆட்டத்தில் கட்டியங்காரன் எந்த ஊர்ச் செய்தியை இழுத்துப் பேசுவான், எந்தத் தருக்கம் எவ்வளவு நீளும் என்பதெல்லாம் அன்றைய அவையைப் பொறுத்தது. முடிச்சுகள் நிலையானவை, இடைவெளிகள் திறந்தவை.

முடிச்சுக்கு வந்து சேர்ந்த பிறகும் கடந்து வந்த வழி மறக்கப்படாமல் இருந்தால்தான் தேர்வுக்கு எடை வரும். இதைச் சிறப்பாகக் கையாண்டது, சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே 19 அன்று வெளியிட்ட தி விட்சர் 3. அதில் ஒரு மரத்தின் அடியில் சிறைப்பட்டிருக்கும் ஆவியை விடுவிப்பதா அழிப்பதா என்று ஒரு கட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். விடுவித்தால் சில அனாதைக் குழந்தைகள் பிழைக்கிறார்கள். ஆனால் வேறோரிடத்தில் ஒரு குடும்பம் அழிகிறது. அழித்தால் நிலைமை தலைகீழாகிறது. முடிவெடுக்கும் நொடியில் இவற்றில் எதுவும் தெரியாது. விளைவு பல மணி நேர ஆட்டத்துக்குப் பிறகே வந்து சேர்கிறது.

இந்தத் தாமதத்துக்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. எந்த இடத்திலும் ஆட்டத்தைச் சேமித்து, விளைவு பிடிக்காவிட்டால் பழைய சேமிப்புக்குத் திரும்பும் வசதி இவ்வகை விளையாட்டுகளில் உண்டு. விளைவு உடனே தெரிந்தால், ஆடுபவர் இரண்டு வழிகளையும் சோதித்துப் பார்த்துவிட்டுத் தமக்கு இலாபமானதை எடுத்துக்கொள்வார். அங்கே தேர்வு வெறும் விலை ஒப்பீடாகிவிடும். பல மணி நேரம் தள்ளி விளைவை வைத்தால், திரும்பிப்போவதற்கு அத்தனை மணி நேர ஆட்டத்தையும் இழக்க வேண்டும். ஆகவே பெரும்பாலோர் செய்ததை ஏற்றுக்கொண்டு முன்னே நடக்கிறார்கள். அதே விளையாட்டின் இறுதி, வளர்ப்பு மகள் போன்ற ஒரு பெண்ணிடம் நாம் நடந்துகொண்ட சில தருணங்களை எண்ணித் தீர்மானிக்கப்படுகிறது. அவள் மனம் சோர்ந்திருக்கும்போது அவளோடு பனி உருண்டை எறிந்து விளையாடினோமா என்பதுகூட அந்த எண்ணிக்கையில் அடங்கும். ஆடுபவருக்கு அப்போது எண் எதுவும் காட்டப்படாது. இதுவே சரியான முறை என்று நம்புகிறேன். அன்புக்கு மதிப்பெண் பலகை மாட்டியிருந்தால் ஆடுபவர் அன்பை விட்டு மதிப்பெண்ணைத்தான் தேடுவார்.

மனித மனம் ஏன் இவற்றில் இவ்வளவு ஈடுபடுகிறது என்பதை உளவியலும் ஆராய்ந்திருக்கிறது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகியோர் வளர்த்த கோட்பாட்டின்படி, தன் செயலைத் தானே தீர்மானித்தல், திறமை கூடுவதை உணர்தல், பிறரோடு உறவு கொள்ளுதல் ஆகிய மூன்றும் மனிதரின் அடிப்படை உளத் தேவைகள். ரயன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி ஆகிய மூவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, விளையாட்டுகள் தரும் மகிழ்ச்சியை இத்தேவைகள் நிறைவேறுவதோடு தொடர்புபடுத்திக் காட்டியது.

கிளைகளை எழுதுவதற்குப் பதிலாக விதிகளை எழுதும் வழியை நிண்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச் 3 அன்று வெளியிட்ட செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட் நெடுந்தொலைவு கொண்டுசென்றது. அதை உருவாக்கியவர்கள் உலகிலுள்ளவற்றைப் பொருள்கள், பூதங்கள் என இரண்டாகப் பிரித்தார்கள். மரம், புல், இரும்பு ஆகியவை பொருள்கள். நெருப்பு, நீர், மின்சாரம், காற்று ஆகியவை பூதங்கள். பூதம் பொருளின் நிலையை மாற்றும். பூதம் இன்னொரு பூதத்தின் நிலையை மாற்றும். ஒரு பொருள் மற்றொரு பொருளின் நிலையை மாற்றாது. இந்த மூன்று விதிகளே அடித்தளம். நெருப்பு புல்லைப் பற்றுகிறது. எரியும் புல்லிலிருந்து சூடான காற்று மேலெழுகிறது. அந்தக் காற்றில் பறப்புத் துணியை விரித்துப் பறவைபோல் பறக்கலாம். இடி மின்னலில் இரும்பு வாள் தாங்கி நிற்பவர்மேல் மின்னல் இறங்கும். மின்சாரம் பாய வேண்டிய ஒரு புதிரில், வைக்கப்பட்ட கடத்தியை விட்டுத் தன் வாள்களையே வரிசையாகக் கிடத்தி மின்சாரத்தைக் கடத்தினால் விளையாட்டு அதையும் ஏற்றுக்கொள்கிறது.

நம் வட்டாரத்திலிருந்து ஒரு விளையாட்டு உருவாகுமானால் அது இந்த வழியில்தான் உருவாக வேண்டும் என்பது என் ஆசை. பழைய வட ஆர்க்காட்டின் செங்கம் பகுதியில் பல்லவர் கால நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் பல, ஆநிரையைக் காக்கப் போரிட்டு விழுந்தவர்களுக்கு எடுத்தவை. எடுத்தனூர்க் கல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவகத்தி என்பவனைச் சொல்வதோடு, கள்வரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற அவனுடைய நாயையும் பெயர் சொல்லிப் பதிந்திருக்கிறது. அந்த நாயை விளையாட்டுக்குள் கொண்டுவர நீண்ட கதை எதுவும் தேவையில்லை. அயலார் மந்தையை நெருங்கினால் குரைக்க வேண்டும். ஒரு எருமை மந்தையை விட்டு விலகினால் அதை ஓட்டிச் செல்பவனைத் துரத்த வேண்டும். தலைவன் விழுந்தால் அவனருகை விட்டு அகலக் கூடாது. இவற்றோடு மோப்பத்துக்குக் காற்றின் திசை என்ற ஒன்றைச் சேர்த்தால் போதும். கள்வர் பக்கம் ஆடுபவர் காற்றுக்கு எதிர்ப்புறமாக வந்து நாயை ஏமாற்றலாம், காய்ந்த புல்லுக்குத் தீ வைத்து மந்தையை மிரட்டலாம். ஊரின் பக்கம் ஆடுபவர் மந்தையை முன்கூட்டியே ஓடைக்கு அப்பால் ஓட்டிவிடலாம், அல்லது எருமைகள் போனால் போகட்டும் என்று உயிரைக் காத்துக்கொள்ளலாம். இத்தனை வழிகளுக்கும் தனித்தனிக் காட்சி எழுத வேண்டியதில்லை.

கடினமான பகுதி, நடந்ததை நினைவில் வைப்பது. சேமிப்புக் கோப்பில் முழு உலகமும் இருப்பதில்லை. தொடக்க நிலையிலிருந்து எவை மாறினவோ அவை மட்டுமே பதிவாகின்றன. நகர்ந்த பாத்திரம், திறந்த பெட்டி, இறந்த மனிதர் என ஆட்டம் வளர வளர இந்தப் பட்டியலும் வளர்கிறது. 2011இல் பிளேஸ்டேஷன் 3 என்ற விளையாட்டுக் கருவிக்கான ஸ்கைரிம் வடிவத்தில் கோப்பு பெரிதாகப் பெரிதாக ஆட்டம் திணறியது பரவலாகப் பேசப்பட்டது. அந்தக் கருவியின் முதன்மை நினைவகம் 256 மெகாபைட்தான். இதனால்தான் உலகம் அவ்வப்போது பழைய நிலைக்கு மீட்டமைக்கப்படுகிறது. ஸ்கைரிமில் பெரும்பாலான இடங்கள், நாம் அங்கே மீண்டும் போகாதிருந்தால், 10 விளையாட்டு நாளில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. எதிரிகளை முற்றிலும் ஒழித்த குகையானால் 30 நாள். நாம் அங்கே தரையில் வைத்துவிட்டு வந்த பொருளும் மறைந்துவிடும். எதை மறக்கலாம், எதை மறக்கக் கூடாது என்று வரையறுப்பதே உருவாக்குநரின் உண்மையான வேலை. ஆநிரை விளையாட்டில் மிதிபட்ட புல் மீண்டும் முளைக்கலாம், எருமைகளின் எண்ணிக்கை மெல்லப் பழைய அளவுக்கு வரலாம். விழுந்தவன் பெயர், விழுந்த இடம், அவனோடு நின்ற நாய் ஆகிய மூன்றும் மட்டும் மீட்டமைப்பு தொடாத பட்டியலில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு கல்லை வெளிப்படுத்தும் கட்டளையும், அவ்வழியே போகும் ஊரார் அந்தப் பெயரைச் சொல்லும் சில வரிகளும் அந்த மூன்று பதிவுகளைச் சார்ந்து இயங்கினால் போதும்.