"கடிச்ச எடத்துல வீக்கமே இல்லீங்களே"

கார்த்திகை மாதம், விடியற்காலை ஐந்து மணி. சத்தியமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒருவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். "வவுத்து வலிங்க டாக்டர். ராத்திரி தின்னது சேரலையாட்ட இருக்குதுங்க" என்றார் மனைவி. ராத்திரி கரண்ட் வந்ததும் மஞ்சள் காட்டுக்குத் தண்ணி கட்டிவிட்டு, சாளைக் குடிசைக்குள் பாய் விரித்துத் தரையில் படுத்தவர். பேசும்போதே இரண்டு இமைகளும் பாதி இறங்கியிருந்தன. "தூக்கமில்லீங்க, அதான்" என்றார். அது தூக்கக் கலக்கம் இல்லை. விரலிடுக்கில் கொசுக்கடி போல இரண்டு புள்ளிகள் இருந்தன. கட்டுவிரியன் கடி என்று சொன்னபோது அந்த அம்மா நம்பவே இல்லை. "கடிச்ச எடத்துல வீக்கமே இல்லீங்களே!"

இந்த வார்த்தையை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வீக்கம் இல்லை என்று விடியும்வரை வீட்டிலேயே காத்திருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த விஷத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

பாம்பு விஷம் ஒற்றைச் சரக்கு அல்ல, பல புரதங்களின் கலவை. அவற்றில் பல, உடம்பில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த சாதாரணப் புரதங்களின் வழிவந்தவை. மரபணு படியெடுக்கப்படும்போது சில சமயம் தவறுதலாக இரண்டு பிரதிகள் அமைந்துவிடும். கிணற்றில் ஒரே மோட்டார்தான் ஓடுகிறது என்றால் அதைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் துணிவு வராது. கூடுதலாக ஒன்று இருந்தால் அதைக் கழற்றி எதையும் செய்து பார்க்கலாம். மரபணுவிலும் அப்படித்தான்: ஒரு பிரதி பழைய வேலையைப் பார்க்க, மற்றது மாறுவதற்கு இடம் கிடைக்கிறது. இந்தக் கருத்தை 1970இல் மரபணு அறிஞர் சுசுமு ஓனோ விரிவாக முன்வைத்தார். 2020இல் வெளியான நல்லபாம்பின் மரபணுத் தொகுதி ஆய்வில் விஷத்தோடு தொடர்புடைய 139 மரபணுக்கள் கண்டறியப்பட்டன.

கட்டுவிரியனின் கொடிய நச்சுகளில் ஒன்று பீட்டா பங்காரோடாக்சின். அதில் இரண்டு துண்டுகள். ஒன்று, கொழுப்பைச் செரிக்க நம் கணையம் சுரக்கும் பாஸ்போலிபேஸ் நொதியின் உறவு. மற்றது, டிரிப்சின் நொதியை அடக்கிவைக்கும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டையும் ஒரேயொரு கந்தகப் பிணைப்பு சேர்த்துப் பிடித்திருக்கிறது. இரண்டாவது துண்டு தன் பழைய வேலையை விட்டுவிட்டு நரம்பு முனையைத் தேடி ஒட்டிக்கொள்கிறது. முதல் துண்டு அந்த முனையைச் சிதைக்கிறது. பிறகு மூச்சு விடும் தசைகளுக்கு நரம்பிலிருந்து செய்தி போகாது. செரிமானக் குடும்பத்துப் புரதங்கள் இப்படி ஜோடி சேர்ந்து மூச்சை நிறுத்தும் என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இந்த நச்சு தாக்குவது நரம்பைத்தான், சதையை அல்ல. அதனால்தான் வீக்கமும் இல்லை, பெரிய வலியும் இல்லை. நல்லபாம்பின் நச்சு, நரம்பு அனுப்பும் செய்தியை வாங்கும் தசைப்பக்கத்து ஏற்பியை அடைக்கிறது. நரம்பின் செய்தியை வலுவாக்கும் நியோஸ்டிக்மின் ஊசி அங்கே ஓரளவு கைகொடுக்கும். கட்டுவிரியன் கடியில் நரம்பு முனையே புதிதாக வளர வேண்டும். அதுவரை வென்டிலேட்டர்தான். சத்தியமங்கலத்துக்காரர் ஐந்து நாள் அதில் இருந்து பிழைத்து வந்தார்.

கண்ணாடி விரியன் கதை வேறு. அதன் விஷத்தில், புரதத்தை வெட்டும் ஒரு சங்கிலியும் லெக்டின் என்ற புரத வகையைச் சேர்ந்த சங்கிலிகள் இரண்டும் சேர்ந்த ஒரு கூட்டுப் புரதம் இருக்கிறது. இரத்தம் உறைய உதவும் 'காரணி 10' என்ற புரதத்தை அது வேளைகெட்ட வேளையில் தூண்டிவிடுகிறது. உறைய வைக்கும் பொருளெல்லாம் தீர்ந்துபோய்க் கடைசியில் இரத்தம் உறையவே உறையாது. கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பது இதற்காகத்தான். "ஊசி போடாம சும்மா உக்கார வெச்சிருக்காங்க" என்று தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இத்தனை விதப் புரதங்களை ஒரு பச்சிலையோ விஷக்கல்லோ எப்படி அடக்கும்? மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துக் கொடுக்கிறது. அந்த விஷம் செலுத்தப்பட்ட குதிரைகளின் உடம்பில் உருவாகும் பலவகை எதிர்ப்புரதங்கள்தான் ஏ.எஸ்.வி. என்ற விஷமுறிவு மருந்து. இரத்தத்தில் சுற்றும் நச்சைத்தான் அது பிடிக்கும். நரம்புக்குள் புகுந்துவிட்டதைப் பிடிக்காது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நான் பதறுவது இதனால்தான். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கும் குழிவிரியன்களுக்கு இந்த மருந்து தயாரிக்கப்படவில்லை என்பதையும் அங்கிருப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அங்கே கடிபட்டாலும் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். இரத்தம் உறைகிறதா, சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று கவனித்துத்தான் காப்பாற்ற முடியும்.

கடிபட்டால் மோதிரம், மெட்டி, வளையலைக் கழற்றுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். கைகாலை அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். பாம்பை அடிக்க ஓடாதீர்கள். மழைக்காலத்தில் காரணமில்லாமல் வயிற்று வலி வந்து இமையும் இறங்கினால், கடித்த தடமே தெரியாவிட்டாலும் கிளம்பி வந்துவிடுங்கள். சாளையில் கட்டில் இல்லையென்றால், கொசுவலையை நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள்.