டிவிஆர் 'ஆஃப்லைன்': கோளாறு எந்த இடத்தில்?

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோப்பு. மரங்களைப் பார்த்தபடி நாலு கேமரா, மோட்டார் ரூமில் அவற்றின் படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர், ஓசூரில் வேலை பார்க்கும் பிள்ளையின் போனில் ஆப். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் இன்று பல தோப்புகளில் இதுதான் காவல். ஆப்பில் 'டிவைஸ் ஆஃப்லைன்' என்று வந்துவிட்டால் பதிவே நின்றுவிட்டது என்று வீட்டில் எல்லோரும் பதறுகிறார்கள். பெரும்பாலும் நின்றிருக்காது. கேமராவின் படம் கேபிள் வழியாக டிவிஆருக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்கில் நேரடியாக ஏறுகிறது. அதற்கு இன்டர்நெட் வேண்டியதில்லை. இணைப்பு திரும்பியதும் விடுபட்ட நாட்களின் பதிவை ஆப்பிலேயே எடுத்துப் பார்க்கலாம். நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்பும் ஐபி கேமராவும், அதைப் பதிவு செய்யும் என்விஆரும் வைத்திருப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். அங்கே கேமராக்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் பெட்டி செத்தால் பதிவும் போய்விடும்.

போன் நேராக டிவிஆரைத் தேடிப் போவதில்லை. டிவிஆர்தான் ரவுட்டர் வழியாக வெளியே போய், தயாரித்த கம்பெனியின் சர்வரில் 'நான் இருக்கிறேன்' என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. போனும் அதே சர்வரைக் கேட்கிறது. இரண்டையும் சர்வர் கோர்த்துவிடுகிறது. டிவிஆரின் குரல் அங்கே எட்டாத நிமிடம் 'ஆஃப்லைன்' ஆகிவிடுகிறது. ஆகவே டிவிஆர், லேன் கேபிள், ரவுட்டர், ஃபைபர், சர்வர் என்ற வழியில் எந்த இடம் அறுந்தது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

அதே ரவுட்டரின் வைஃபையில் போனை இணைத்து வேறு ஏதாவது பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை, ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிகிறது என்றால் வெளியே ஃபைபர் அறுந்திருக்கிறது. டிவிஆரைத் தொட வேண்டாம்.

இன்டர்நெட் வருகிறதென்றால், டிவிஆரின் பின்பக்கம் லேன் கேபிள் செருகும் இடத்தில் உள்ள சின்ன விளக்குகளைப் பாருங்கள். கேபிள் நல்லபடி இருந்தால் ஒன்று எரியும், தரவு போகும்போது ஒன்று மினுக்கும். இரண்டும் இருட்டாக இருந்தால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள், ரவுட்டரில் வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள். லேன் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. வீட்டிலிருந்து மோட்டார் ரூம் அதைவிடத் தள்ளி இருந்தால் இணைப்பு வந்து வந்து போகும். மலிவான கேபிளின் கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். தோப்பு தூரத்துக்கு அது உதவாது.

விளக்கு எரிந்தும் ஆஃப்லைன் என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் டிவிஆருக்கு உள்ள எண் முகவரியை. ரவுட்டரை மாற்றிய பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இதுதான். பழைய ரவுட்டர் 192.168.1.1 என்று இருந்திருக்கும். டிவிஆரைப் பொருத்தியவர் அதற்கேற்ப 192.168.1.108 என்று நிலையான முகவரி போட்டிருப்பார். புது ரவுட்டர் 192.168.29.1 என்று வந்தால், மூன்றாவது எண் பொருந்தாததால் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே முடியாது. மானிட்டரும் மவுஸும் மாட்டி, நெட்வொர்க் மெனுவில் 'டிஎச்சிபி'யை ஆன் செய்து சேமியுங்கள். ரவுட்டரே முகவரி கொடுத்துவிடும். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை என்று அர்த்தம். மறுபடி கேபிளுக்குப் போங்கள். முகவரி சரியாக வந்தும் ஆஃப்லைன் என்றால் சர்வரின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8 போடுங்கள். அதே மெனுப் பகுதியில், கம்பெனி சர்வரோடு இணைக்கும் பி2பி அல்லது கிளவுட் என்று இருப்பது ஆன் ஆகியிருக்க வேண்டும்.

தேதியையும் பாருங்கள். போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி, பெரும்பாலும் 3 வோல்ட் சிஆர்2032, தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் கடிகாரம் பல வருடம் பின்னால் ஓடிவிடும். தேதி தவறாக இருந்தால் சர்வருடன் பாதுகாப்பான இணைப்பு ஏற்படாமல் போகலாம். பதிவும் தவறான தேதியில் சேமிக்கப்பட்டு, திருட்டு நடந்த நாளைத் தேடினால் கிடைக்காது.

இந்தப் பக்கம் ஏப்ரல், மே கோடை மழையோடு வரும் இடிதான் பெரிய எதிரி. மரத்துக்கு மரம் இழுத்த நீளமான லேன் கேபிள், பக்கத்தில் மின்னல் விழுந்தாலே உயர் மின்னழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். லேன் போர்ட்டில் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பொதுவாக 1500 வோல்ட் வரை தாங்கும். அதைத் தாண்டினால் பின்னால் இருக்கும் சிப் போய்விடும். மானிட்டரில் படம் வரும், பதிவு ஓடும், லேன் விளக்கு மட்டும் எந்தக் கேபிளுக்கும் எரியாது. உயர் மின்னழுத்தத்தைத் தரைக்குத் திருப்பும் சர்ஜ் புரொடெக்டர் போட்டால் அதற்கு நல்ல எர்த் வேண்டும். கிருஷ்ணகிரியின் பாறை நிலத்தில் நல்ல எர்த் கிடைப்பது கஷ்டம், ஆகவே எலக்ட்ரீஷியனிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவே ஃபைபர் இழுத்து, இரு முனையிலும் ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வைப்பதே இதைவிட உறுதியான வழி. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது; 100 மீட்டர் எல்லையும் தீர்ந்துவிடும். உள்ளே இரும்புக் கம்பி ஓடாத ஃபைபராகப் பார்த்து வாங்குங்கள். அதுவரை, வானம் கறுத்ததும் லேனையும் பவரையும் பிடுங்கி வைப்பது நல்லது.

போர்ட் செத்துவிட்டதென்றால் ஃபேக்டரி ரீசெட் எதையும் சரி செய்யாது, இருக்கிற செட்டிங்ஸும் போய்விடும். சில மாடல்கள் யூஎஸ்பி வைஃபை டாங்கிளை ஏற்கும், அது டிவிஆரின் கையேட்டில் போட்டிருக்கும். இல்லையேல் போர்டு சர்வீஸ் அல்லது புது டிவிஆர். வேறு கம்பெனி டிவிஆரில் பழைய டிஸ்கை மாட்டினால் அது பெரும்பாலும் ஃபார்மேட் செய்யச் சொல்லும். வேண்டிய பதிவுகளை அதற்கு முன்பே, பழைய டிவிஆரிலிருந்தே பென்டிரைவில் எடுத்துவிடுங்கள்.