குறு உறை வண்டு: ‘நைரோபி ஈ’ என்ற பெயர் யாருக்கு?

2022 ஜூலையில் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர்கள் பலருக்குத் தோல் வெந்துபோனது. ‘நைரோபி ஈ’ என்று செய்திகள் ஓடின. பெயர் இரண்டு வகையில் தவறு. அது ஈ அல்ல, வண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து வரவேண்டிய தேவையும் இல்லை. பீடரஸ் பேரின வண்டுகள் நம் நெல்வயல்களில் காலங்காலமாக இருப்பவை.

இந்தக் குடும்பத்தை ஆங்கிலத்தில் ‘ரோவ்’ வண்டு, அதாவது அலைந்து திரியும் வண்டு என்பார்கள். அறிவியல் பெயர் ஸ்டாஃபிலினிடே. ‘ஸ்டாஃபிலினோஸ்’ என்பது குதிரை விழுங்கினால் குணமாகாது என்று அரிஸ்டாட்டில் குறித்த ஒரு பூச்சியின் பெயர். 1758-ல், உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் அந்தப் பெயரை இந்த வண்டுகளுக்குச் சூட்டினார்.

தமிழில் ‘குறுஞ்சிறகு வண்டு’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் சிறகு குட்டை இல்லை. மேலே மூடும் கெட்டியான உறைதான் இடுப்போடு நின்றுவிடும் சட்டைபோல் குட்டை. பறக்கும் நீண்ட சிறகு அதற்குள் மடிந்து கிடக்கிறது. அதனால் ‘குறு உறை வண்டு’ என்பதே சரி என்பேன்.

உண்மையான நைரோபி ஈ என்பது கிழக்கு ஆப்பிரிக்காவின் பீடரஸ் எக்ஸிமியஸ், பீடரஸ் சபேயஸ் என்ற இரண்டு வண்டுகள். 1997-98 எல் நினோ மழைக்குப் பின் கென்யாவில் நைரோபி ஈ பெருகியது. நம் பக்கத்து பீடரஸ் ஃபுஸ்கிபெஸ் பிரிட்டன் முதல் ஜப்பான் வரை பரவியது. 1826-ல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் கர்டிஸ் பெயரிட்டார், ஃபுஸ்கிபெஸ் என்றால் ‘கருத்த கால் கொண்டது’ என்று பொருள். கறுப்புத் தலை, செம்மஞ்சள் கழுத்து, நீலம் மின்னும் உறை, கறுப்பில் முடியும் வால் நுனி. நெல்லைக் கெடுக்கும் புகையான் பூச்சியைத் தின்னும் நல்ல வேட்டைக்காரன். அறுவடை முடிந்து வயல் காலியானால் வீட்டு விளக்கைத் தேடி வரும்.

இந்த வண்டுகள் எதுவும் கடிப்பதில்லை, கொட்டுவதில்லை. உடலுக்குள் ஓடும் திரவத்தில் உள்ள பெடரின் என்ற நச்சுதான் வினை. அதையும் வண்டு தயாரிப்பதில்லை, அதனுள் வாழும் ஒரு பாக்டீரியா தயாரிக்கிறது. நசுக்கியவுடன் ஒன்றும் தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் எரிச்சலும் கொப்புளமும். முழங்கை மடிப்பில் பட்டால், கையை மடக்கும்போது தொடும் இடத்திலும் அதே புண் வரும். மேலே வந்து உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.