பின்னணியில் ஓடும் இசை போதாது

“கருவில் இருந்தபோதே மொசார்ட் இசை போட்டோம். அறிவு கூடியிருக்கும், இல்லையா?” குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் என்னிடம் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது.

இந்த நம்பிக்கைக்கு வேர், 1993-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வு. அதில் பங்கேற்ற 36 பேரும் கல்லூரி மாணவர்கள். குழந்தை ஒன்றுகூட இல்லை. மேற்கத்திய இசை மேதை மொசார்ட்டின் சொனாட்டா ஒன்றை, அதாவது பியானோவுக்கான இசைப் படைப்பை, பத்து நிமிடம் கேட்டபின் வடிவங்கள் தொடர்பான புதிர்களைச் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்த ஏற்றமும் கால் மணி நேரத்தில் மறைந்தது. அப்படியிருந்தும் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இசைத்தட்டு வழங்க நிதி கேட்டார்.

என்னை மிகவும் ஈர்த்தது 2016-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு. ஒன்பது மாதக் குழந்தைகளைப் பெற்றோர் மடியில் வைத்து, மூன்று மூன்றாக எண்ணும் தாளத்தில் அமைந்த இசைக்கு ஏற்பத் தட்டவும் அசையவும் வைத்தார்கள். இன்னொரு குழுவுக்கு இசையின்றிப் பொம்மைகள் மட்டும். பன்னிரண்டு அமர்வுகளுக்குப் பிறகு, தாளம் பிசகினால் இசைக் குழுவினரின் மூளை கூடுதலாக விழித்துக்கொண்டது. பேச்சொலியின் தாளம் பிசகியபோதும் அப்படியே! இது மொழிக்கு நேரடியாக உதவக்கூடிய திறன். ‘படம்’, ‘பாடம்’ இரண்டையும் காது பிரித்தறிவது ஒலி நீளும் காலத்தைக் கொண்டுதானே?

இசையால் கணிதத்தில் மதிப்பெண் உயரும் என்று மட்டும் நான் உறுதி சொல்லமாட்டேன். ஒப்பீட்டுக் குழு வைத்துக் கவனமாக நடத்திய ஆய்வுகளில் அந்தப் பலன் மிகவும் சுருங்கிவிடுகிறது.

கர்நாடக இசையோ மேற்கத்திய இசையோ, நாள் முழுதும் பின்னணியில் ஓடவிடாதீர்கள். இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்கும் திறன் பெரியவர்களுக்கு இருக்கும் அளவுக்குச் சிறு குழந்தைகளுக்கு இல்லை. பத்து நிமிடம் போதும், ஆனால் நீங்களும் உடன் உட்கார வேண்டும். தொடையில் தாளம் போடுங்கள். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, கடைசிச் சொல்லுக்கு முன் நிறுத்திக் காத்திருங்கள். பேசத் தயங்கும் குழந்தை அந்த இடைவெளியை ஓர் ஒலியால் நிரப்பும்போது அடையும் மகிழ்ச்சியை அருகிலிருந்து பார்க்கிறேன். அதற்கு ஈடே இல்லை. உங்கள் குரல் சுருதி சேராவிட்டாலும் கவலைப்படாதீர்கள், குழந்தைக்கு மிகப் பழகிய குரல் அது.

ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தைக்கு இசை மருந்தாகாது. தாமதிக்காமல் செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.