யூரோ நோட்டுக்குள் இருக்கும் சிவப்பு

பாரிஸில் மளிகைக் கடைக் கல்லாவில் உட்காரும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "கள்ள நோட்டா என்று பார்க்க யூரோவைப் புற ஊதா விளக்கில் காட்டுவோம். தாளுக்குள் குட்டிக் குட்டி இழைகள் சிவப்பாக மின்னும். அது வெறும் சாயமா?"

இல்லை. 2002ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் சைவர், மெய்யரிங்க் என்ற இருவர் அந்த ஒளியை நிறம் பிரித்து அளந்தார்கள். சிவப்புக்குக் காரணம் யூரோப்பியம் என்ற அருமண் உலோகம். ஐரோப்பாவின் பணத்தில் ஐரோப்பாவின் பெயர் கொண்ட தனிமம்!

ஒளிர்வின் அடிப்படை பள்ளியில் படித்ததுதான். புற ஊதாவை வாங்கி எலக்ட்ரான் மேலே தாவுகிறது, கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக இழக்கிறது, மீதியைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகக் கொடுத்துவிட்டு இறங்குகிறது. சாயங்களும் இதைத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றின் நிறம் அகலமாகப் பரவிக் கிடக்கும். யூரோப்பியத்தின் சிவப்போ 612 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிக் கோடு கிழித்தாற்போல் நிற்கும்.

ஏன்? மூன்று எலக்ட்ரான்களை இழந்த யூரோப்பியத்தில், ஒளி தரும் எலக்ட்ரான்கள் 4f என்ற கூட்டில் இருக்கின்றன (அணுவில் எலக்ட்ரான்கள் குடியிருக்கும் அடுக்குதான் கூடு). அதற்கு வெளியே 5s, 5p கூடுகள் மதில்போல் சூழ்ந்திருக்கின்றன. தெருவில் திருவிழாவே நடந்தாலும் உள்ளறையில் தூங்குகிறவருக்குக் கேட்காது அல்லவா, அப்படித்தான். பக்கத்து அணுக்கள் எவையானாலும் நிறம் பெரிதாக நகராது. இன்னொன்று, 4f கூட்டுக்குள்ளேயே தாவுவதைக் குவாண்டம் விதிகள் ஏறக்குறைய தடுக்கின்றன. அதனால் இறங்க வழி கிடைக்காமல் எலக்ட்ரான் மில்லி நொடிக் கணக்கில் காத்திருக்கும். சாதாரண சாயம் சில நானோ நொடிகளிலேயே வேலையை முடித்துவிடும்!

அதே தடையால் யூரோப்பியத்துக்குப் புற ஊதாவைப் பிடிக்கவும் அவ்வளவாக வராது. அதற்காக அதைச் சுற்றிக் கரிம மூலக்கூறுகளைக் கட்டிவைக்கலாம். அவை ஆன்டெனாபோல் ஒளியைப் பிடித்து உள்ளே கைமாற்றும்.

இந்தத் தனிமத்தை 1901ல் பிரித்தெடுத்தவர் டெமார்சே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். கலர் டிவியின் சிவப்புக்கு அது கைகொடுத்தது 1960களில். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் "மூன்று வருடத்தில் என்ன பயன்?" என்று கேட்கும் விண்ணப்பப் படிவங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த அறுபது வருட இடைவெளிதான் ஞாபகம் வரும்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். யூரோப்பியம் மூன்றுக்குப் பதில் இரண்டு எலக்ட்ரான்களை மட்டும் இழந்தால் குணமே மாறிவிடும். இப்போது எலக்ட்ரான் 4f-இலிருந்து 5d என்ற இன்னொரு கூட்டுக்குத் தாவுகிறது. 5d மதிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. அக்கம்பக்கத்து அணுக்கள் அதை நெருக்கும், இழுக்கும். அதனால் குடியிருக்கும் படிகத்தைப் பொறுத்து நிறம் மாறும். பேரியம் மெக்னீசியம் அலுமினேட்டில் நீலம். இருட்டில் ஒளிரும் கடிகார முட்களில் இருக்கும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டில் பச்சை. கால்சியம், அலுமினியம், சிலிக்கான் சேர்ந்த நைட்ரைடில் அடர்சிவப்பு. இளமஞ்சள் வெளிச்சம் தரும் எல்இடி பல்புகள் பலவற்றில் அந்த இதமான சிவப்பைச் சேர்ப்பது இந்த நைட்ரைடுதான்.