அடிக்கல் நாட்டும் முன்பே சண்டை போடுங்கள்

பள்ளிக் கட்டடங்களின் உறுதியைச் சோதித்து அறிக்கை தருவது என் தொழில். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறேன். மண்ணையும் கான்கிரீட்டையும் பார்த்த நேரத்துக்குக் குறையாமல் நகர மன்றக் கூட்டங்களையும் பார்த்திருக்கிறேன். நகர நிர்வாகம் பள்ளி கட்ட நினைத்தால் கோப்பு எங்கு சுற்றினாலும் கடைசியில் மன்றத்துக்குத்தான் வந்தாக வேண்டும்.

ஒரு கூட்டம் இன்னும் மனத்தைவிட்டு அகலவில்லை. புதிய பள்ளி பற்றிய பொருள் விவாதத்துக்கு வந்தது. எந்த வார்டில் கட்டுவது, முகப்பு எந்தத் தெருவைப் பார்ப்பது, யார் பெயரைச் சூட்டுவது என்று இரண்டரை மணி நேரம் பேசினார்கள். குரல்கள் உயர்ந்தன. ஒரு தரப்பு வெளிநடப்பு செய்தது. மறுநாள் நாளிதழ்களில் வெளிநடப்புதான் செய்தி. உறுப்பினர்களுக்குக் கொடுத்த அதே கோப்பின் நகல் என் மடியிலும் இருந்தது. மண் பரிசோதனை அறிக்கை இருக்க வேண்டிய பக்கத்தில் "பின்னர் இணைக்கப்படும்" என்று ஒரே ஒரு வரி. அதைப் பற்றி அவையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வகுப்பறை அளவுகள் குறித்துக் கருத்துச் சொல்லத்தான் என்னை அழைத்திருந்தார்கள். அதனால் நானும் எழுந்து கேட்கவில்லை. அந்த மௌனத்துக்காக இன்றும் வருந்துகிறேன்.

அந்த இடம் ஒரு காலத்தில் குளம். இடிபாடுகளையும் குப்பையையும் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். இப்படி நிரப்பிய நிலம் ஒரே சீராக அமுங்காது. ஒரு மூலை கெட்டியாக நிற்கும். மறு மூலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கிக்கொண்டே போகும். பள்ளி திறந்த மூன்றாம் ஆண்டு சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஏறிய விரிசல்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்கள். கதவுகள் நிலையில் இடிக்கத் தொடங்கியிருந்தன. ஒரு பகுதி முழுவதையும் பூட்டி, பிள்ளைகளை ஷிப்ட் முறைக்கு மாற்றி, அஸ்திவாரத்தின் அடியைத் தோண்டி வலுவூட்ட வேண்டியதாயிற்று. தொடக்கத்திலேயே நான்கைந்து இடங்களில் துளையிட்டு மண்ணை எடுத்துப் பார்த்திருந்தால் கெட்டியான மண்வரை ஆழமாகத் தூண் இறக்கும் பைல் அஸ்திவாரம் போட்டிருப்பார்கள், இல்லையென்றால் வேறு இடம் தேடியிருப்பார்கள். இரண்டுமே அன்று ஒரு தீர்மானத்தால் முடியக்கூடிய காரியம்.

"பள்ளிக்கூடம் கட்டுவதில்கூட இவ்வளவு சண்டையா?" என்று என்னிடம் சலித்துக்கொள்ளாத பெற்றோர் குறைவு. அவர்களுடைய சலிப்பு புரிகிறது. ஆனாலும் என் அனுபவம் வேறு பாடத்தைச் சொல்கிறது. பள்ளிக் கட்டடத்துக்காக மன்றத்தில் சண்டை நடப்பது நல்லது. சண்டை நடக்க வேண்டிய விஷயத்தில் நடப்பதில்லை, நடக்க வேண்டிய நேரத்திலும் நடப்பதில்லை. என் கவலையெல்லாம் அதுதான்.

காலம் கடந்து வரும் சண்டைக்கு என்ன விலை என்பதை லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் உலகத்துக்கே காட்டியது. நகர மையத்துக்கு மேற்கே பெல்மாண்ட் கற்றல் மையம் என்ற உயர்நிலைப் பள்ளியை 1990களின் பிற்பாதியில் கட்டத் தொடங்கினார்கள். 1890களிலிருந்தே எண்ணெய் எடுத்த வட்டாரம் அது. நிலத்தடியில் தீப்பற்றக்கூடிய மீத்தேன் வாயுவும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருப்பது கட்டடம் எழும்பிய பிறகுதான் பெரும் சர்ச்சையாக வெடித்தது. 2000ஆம் ஆண்டில் பணியைக் கைவிடக் கல்வி வாரியம் வாக்களித்தது. பிறகு மனம் மாறி மீண்டும் தொடங்க முனைந்தபோது, கட்டடங்களின் கீழே நிலநடுக்கப் பிளவு ஒன்று ஓடுவது தெரியவந்தது. எழுப்பியதில் ஒரு பகுதியை இடித்தார்கள். 2008இல் வேறு பெயரில் பள்ளி திறந்தபோது மொத்தச் செலவு 30 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. எண்ணெய் வயல் அங்கே இருந்தது ரகசியம் இல்லை. நிலம் வாங்கிய நாளில் அதை மேசைமேல் வைத்து அடித்துப் பேசாததுதான் குறை.

இதில் தனி மனிதர்களின் நேர்மையைவிட அமைப்பின் கோளாறே பெரியது. தனியார் ஒருவர் கட்டடம் கட்டினால் அவர் உரிமையாளர், நகர நிர்வாகம் அனுமதி தரும் இடம், சோதிக்கும் இடம். நிர்வாகமே பள்ளி கட்டும்போது உரிமையாளரும் அதுவே, வரைபடத்துக்கு ஒப்புதல் தருவதும் அதுவே, வேலையை அளந்து எழுதுவதும் அதுவே, ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுப்பதும் அதுவே. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. வேலையிடத்தில் நிற்கும் இளம் பொறியாளருக்கு ஒரு தூண் சரியில்லை என்று தெரிகிறது. "இதை உடைத்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்று அவர் யாரிடம் சொல்வார்? மேலதிகாரிதான் நாள் குறித்தவர். அப்படித் தயங்கி நின்ற நல்ல பொறியாளர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவின் பல ஊர்களில் கல்வி வாரியம் தனியாகவும் நகர மன்றம் தனியாகவும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. பள்ளி வேண்டும் என்று வாரியம் சொல்லும். சாலையும் வடிகாலும் மன்றத்தின் கையில் இருக்கும். கட்டடச் செலவுக்குக் கடன் திரட்டும் பத்திரத்துக்கு வாக்காளர்கள் சம்மதிக்க வேண்டும். கலிபோர்னியாவில் 2000ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் நிறைவேறிய 39ஆவது முன்மொழிவு, பள்ளிக் கடன் பத்திரத்துக்குத் தேவையான ஆதரவை மூன்றில் இரண்டு பங்கிலிருந்து 55 சதவீதமாகக் குறைத்தது. அதற்கு ஈடாக, செலவைக் கண்காணிக்கக் குடிமக்கள் குழு ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்றும் விதித்தது. அந்த நிபந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் குழுவின் கண் கணக்குப் புத்தகத்தோடு நின்றுவிடக் கூடாது. கணக்கு நேராக இருந்தும் சுவர் கோணலாக இருக்கலாம்.

அப்படி ஒரு சுவர் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் விழுந்தது. 2016 ஜனவரி 29 அன்று புயல் காற்றில் ஆக்ஸ்காங்ஸ் தொடக்கப் பள்ளியின் வெளிச்சுவரிலிருந்து சுமார் 9 டன் செங்கல் சரிந்தது. காலையில், பிள்ளைகள் வருவதற்கு முன் நடந்ததால் உயிர்கள் தப்பின. இரட்டைச் சுவரின் உள்ளடுக்கையும் வெளியடுக்கையும் சிறு உலோகப் பிணைப்புகள்தான் ஒன்றாகப் பிடித்து நிற்க வைக்கும். அவை சாந்துக்குள் போதிய ஆழம் போகவில்லை. விலை மலிவான சின்னத் துண்டு; சுவர் எழும்பிவிட்டால் கண்ணுக்கே தெரியாது. கட்டும் பொறுப்பை நகர மன்றம் தனியார் கூட்டமைப்பிடம் ஒப்படைத்த அதே ஒப்பந்தத்தில் கட்டிய மற்றப் பள்ளிகளையும் சோதித்தபோது இதே குறைகள் வெளிவந்தன. ஏப்ரலில் 17 பள்ளிகளை மூடினார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு வேறு இடம் தேட வேண்டியிருந்தது. 2017 பிப்ரவரியில் வெளிவந்த விசாரணை அறிக்கையின் மையக் கருத்து எளிமையானது: கட்டியவர்களே தங்கள் வேலைக்குத் தாங்களே சான்று தந்தார்கள், நகர மன்றத்தின் சார்பில் வேலையிடத்தில் நின்று பார்க்கத் தனி ஆள் இல்லை. தனியார் பொறுப்பில் விட்டதால் தரம் தானாக வந்துவிடும் என்று நம்பிவிட்டார்கள். இந்த அறிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பிணைப்புத் துண்டுகளின் படத்தில்தான் கண் நின்றுவிடுகிறது. அதில் பெரிய ஊழல் கதை எதுவும் தேவைப்படவில்லை. பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு மாற்று என்ன என்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. 1933 மார்ச் 10 அன்று கலிபோர்னியாவின் லாங் பீச் பகுதியில் நிலம் நடுங்கியபோது 70 பள்ளிகள் இடிந்தன, 120 பள்ளிகள் கடுமையாகச் சேதமடைந்தன. மாலை ஆறு மணிக்குச் சற்று முன் நடந்ததால் வகுப்பறைகள் காலியாக இருந்தன. ஒரே மாதத்தில் ஃபீல்ட் சட்டம் என்று அழைக்கப்படும் சட்டம் நிறைவேறியது. பொதுப் பள்ளிகளின் வரைபடத்தை உள்ளூர் நிர்வாகம் தானே அங்கீகரித்துக்கொள்ள முடியாது, மாநில அமைப்பு சரிபார்க்க வேண்டும். கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும், ஒப்பந்ததாரரைச் சாராத ஆய்வாளர் வேலையிடத்தில் இருக்க வேண்டும். கட்டுகிறவனும் சோதிக்கிறவனும் ஒருவனாக இருக்கக் கூடாது என்ற கொள்கையைச் சட்டமாக்கியது இதன் சிறப்பு. எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலே எந்த நகர மன்றமும் ஒரு தீர்மானத்தால் இதைத் தன் ஊரில் கொண்டுவரலாம். இதற்காக உறுப்பினர்கள் சண்டை போட்டால் நான் பார்வையாளர் வரிசையில் எழுந்து நின்று கை தட்டுவேன்.

இன்னொரு விஷயம் என்னை அதிகமாக அச்சுறுத்துகிறது. புதிய பள்ளியைப் பற்றி மன்றம் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு இழுபறியில் இருக்கும்போது பிள்ளைகள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? பழைய கட்டடத்தில். "எப்படியும் புதிதாகக் கட்டப் போகிறோம்" என்று பழுதுபார்ப்பு நிதியை நிறுத்திவிடுகிறார்கள். கூரை ஒழுகினால் வாளி வைக்கிறார்கள். வழக்கும் ஒத்திவைப்பும் சேர்ந்து அந்தக் கடைசி ஆண்டுகளை நீட்டிக்கொண்டே போகின்றன. கட்டடம் மிகப் பலவீனமாக இருக்கும் ஆண்டுகளும் அவைதான். இங்கிலாந்தில் 1950களிலிருந்து கட்டிய பல பள்ளிகளின் கூரைகளில் காற்றுக் குமிழ்கள் கொண்ட ஒருவகை இலேசான கான்கிரீட் பலகைகளைப் பயன்படுத்தினார்கள். 1990களிலேயே பொறியாளர்கள் எச்சரித்தார்கள். 2018இல் கென்ட் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியின் கூரை வார இறுதியில் இடிந்து விழுந்தது. 2023 ஆகஸ்ட் 31 அன்று, பள்ளிகள் திறக்கச் சில நாட்களே இருந்த நிலையில், நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் கட்டடங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று அரசு சொல்ல நேர்ந்தது.

கும்பகோணத்தை நாம் யாரும் மறக்க முடியாது. 2004 ஜூலை 16, பள்ளித் தீயில் 94 குழந்தைகள். அந்த ஓலைக் கூரை ஒரே இரவில் முளைத்ததில்லை. அனுமதியும் ஆய்வும் பெற வேண்டிய கட்டடத்தின்மேல், பார்க்க வேண்டியவர்களின் கண்ணெதிரே இருந்த கூரை அது.

ஆகவே புதிய பள்ளி பற்றிய தீர்மானம் எந்த நாளில் மன்றத்துக்கு வருகிறதோ, அதே நாளில் பழைய கட்டடத்தின் உறுதி அறிக்கையும் வர வேண்டும் என்று பெற்றோர் கேட்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் காற்றோடு போய்விடும். எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள்.

கூட்டத்தின் பொருள் நிரலை முன்கூட்டியே வாங்கிப் படிப்பதும் முக்கியம். தெருவிளக்கு, வடிகால், வாகன வாடகை என்று ஐம்பது பொருள்களுக்கு நடுவே பள்ளிக் கட்டடம் ஒரு எண்ணாக ஒளிந்திருக்கும். "படித்ததாகக் கொள்ளப்பட்டது" என்று ஒரே மூச்சில் நிறைவேறும். திருத்திய மதிப்பீடு என்ற தலைப்பைக் கண்டால் அங்கே நில்லுங்கள். குறைந்த தொகைக்கு டெண்டர் எடுத்துவிட்டு, பிறகு கூடுதல் வேலை என்று தொகை ஏறுவது அங்கேதான் நடக்கும். மண்ணைச் சோதிக்காமல் தொடங்கிய வேலைகளில் இது கிட்டத்தட்ட நிச்சயம். ஏனென்றால் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போகும் என்று யாருக்கும் தெரியாமலேயே விலை சொல்லியிருப்பார்கள்.

எத்தனை வகுப்பறைகள் வேண்டும் என்ற சண்டைக்கும் பதில் பெரும்பாலும் நகர அலுவலகத்திலேயே இருக்கிறது. ஐந்து ஆண்டு கழித்து முதல் வகுப்பில் சேரப்போகும் பிள்ளைகள் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள், அல்லது இந்த ஆண்டு பிறக்கிறார்கள். பல ஊர்களில் பிறப்புப் பதிவேடு நகர நிர்வாகத்தின் பொறுப்பு; புதிய குடியிருப்புகளுக்குத் தரும் கட்டட அனுமதியும் அப்படியே. இந்த இரண்டையும் வார்டு வாரியாக அருகருகே வைத்துப் பார்த்தால் எங்கே பள்ளி தேவை என்பது ஓரளவு தெளிவாகிவிடும். யார் வார்டு பெரியது என்று குரல் உயர்த்த வேண்டிய அவசியமே வராது. இதை ஒரு மன்றத்தில் சொல்லிப் பார்த்தேன். பதிவேடு அடுத்த அறையில்தான் இருந்தது. அதுவரை யாரும் எடுத்துவரச் சொல்லவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊரில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். ஒரு தாய் எழுந்தார். தன்னைக் கணக்காளர் என்று அறிமுகம் செய்துகொண்டார். "சோதனைக்காக வார்த்து வைக்கும் கான்கிரீட் கியூப்களை 28ஆம் நாளில் எந்த ஆய்வகத்தில் உடைத்துப் பார்ப்பீர்கள்? அந்த அறிக்கை முதலில் ஒப்பந்ததாரர் கைக்குப் போகுமா, நேராக மன்றத்துக்கு வருமா?" என்று கேட்டார். மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் உட்காரவில்லை. பதில் கிடைக்கும்வரை நின்றார். கடைசியில் தீர்மானத்தில் இரண்டு வரிகள் சேர்ந்தன: சோதனை அறிக்கைகள் நேராக மன்றத்துக்கு வர வேண்டும், ஒப்பந்ததாரரையும் பொறியியல் பிரிவையும் சாராத மேற்பார்வையாளர் ஒருவர் கான்கிரீட் போடும் ஒவ்வொரு நாளும் வேலையிடத்தில் இருக்க வேண்டும்.

அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. முதல் தளம் போடும் நாளில் கலவை வண்டி வாசலில் நின்றுகொண்டிருந்தது. மேலே ஏறிப் பார்த்தேன். நான்கு உத்தரங்களில் தூணை ஒட்டி நெருக்கமாக வர வேண்டிய ரிங் கம்பிகள் (நீளக் கம்பிகளைச் சுற்றிப் பிடிக்கும் வளையங்கள்) பாதிக்கு மேல் விடுபட்டிருந்தன. வண்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். தொலைபேசி அழைப்புகள் வந்தன. திறப்பு நாள் தள்ளிப்போகும் என்றார்கள். தீர்மானத்தின் நகலை எடுத்துக் காட்டினேன். அதன் பிறகு யாரும் பேசவில்லை. மாலையில் மறுபடி மேலே போனபோது கம்பி கட்டுபவர்கள் குனிந்து உட்கார்ந்து விடுபட்ட ரிங்குகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தார்கள்.